இலையுதிர் கால மலைநடை: வெளிச்சத்தின் பின்னால் போய்ப் படமெடுப்பது எப்படி

மலைக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஏமாற்றத்தோடுதான் இறங்கி வருகிறார்கள். நேரில் பார்த்தபோது வாயடைத்து நின்ற இடம், படத்தில் வெறும் பழுப்பு மேடும் வெளுத்த வானமுமாக இருக்கும். கேமரா போதாது, லென்ஸ் போதாது என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்து, லென்ஸ் மாற்றி லென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒன்று புரிந்தது. அந்த இடத்தில் என்னை நிற்கவைத்தது அந்தச் சரிவில் அந்த நிமிடம் விழுந்துகொண்டிருந்த வெயில். நான் கேமராவைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, எதையாவது திருகி முடிப்பதற்குள் அது போயிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் இருப்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: வெளிச்சம் எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்து, அது வருவதற்கு முன்பே தயாராக நிற்பது.

கிளம்புவதற்கு முன்

இலையுதிர் காலத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறோம் என்றால் இலைகளின் நிறம் பாதிக் காரணம், சூரியன் தாழ்ந்து போவது மீதிக் காரணம். 50 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கும் ஒரு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் நடுப்பகல் சூரியன் அங்கே 63 டிகிரி உயரத்தில் நிற்கும். அக்டோபர் கடைசியில் அதே நடுப்பகலில் 26 டிகிரிதான். அந்த உயரத்தில் சூரியன் இருந்தால் மரத்தின் நிழல் மரத்தைப்போல இரண்டு மடங்கு நீளும். நிழல் நீண்டால்தான் சரிவின் மடிப்பு, பாறையின் சொரசொரப்பு, புல்வெளியின் ஏற்ற இறக்கம் எல்லாம் படத்தில் எழுந்து நிற்கும். கோடையில் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் கிடைக்கிற அந்தச் சாய்ந்த வெயில் இந்த மாதங்களில் கிட்டத்தட்ட நாள் முழுக்கக் கிடைக்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் மார்ச் முதல் மே வரை.

அதே காரணத்தால் பகலும் வேகமாகச் சுருங்கும். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகிற சமயத்தில், நான் சொன்ன அதே அட்சரேகையில் ஒரு வாரத்தில் ஏறக்குறைய 25 நிமிடப் பகல் காணாமல் போகும். அதனால் போன தடவை போன நேரத்தை நம்பாமல், ஒவ்வொரு தடவையும் சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வரைபடத்தைத் திறந்து, நடக்கப்போகும் பாதையின் எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறியுங்கள். கிழக்குச் சரிவில் காலை வெயில், மேற்குச் சரிவில் மாலை வெயில் என்பது எல்லாருக்கும் தெரியும். பலர் மறப்பது வடக்குச் சரிவை. வடக்கு அரைக்கோளத்தில் செங்குத்தான வடக்குச் சரிவு ஒன்றில் இந்தக் காலத்தில் நாள் முழுக்க வெயிலே படாமல் போகலாம். அங்கே பொன்னிற வெளிச்சத்துக்காகக் காத்திருந்து பயனில்லை. அது இலைகளையும் ஓடைகளையும் எடுக்கிற இடம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

வானிலையைப் பார்க்கும்போது மழை வருமா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முந்தின நாள் மழை பெய்து, இரவு மேகமில்லாமல், காற்றும் இல்லாமல் இருந்தால் மறுநாள் காலை பள்ளத்தாக்கில் மூடுபனி நிற்க நல்ல வாய்ப்பு. தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது, குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து கீழே தேங்குகிறது, தேங்கிய இடத்தில் ஈரம் பனியாகத் திரள்கிறது. மேலே ஏறி நின்றால் தலைக்கு மேல் நீல வானமும் காலடியில் வெள்ளைக் கடலும் இருக்கும். இதற்காக விடியலுக்கு முன்பே எழுந்து இருட்டில் ஏறுவது கஷ்டம்தான், ஆனால் ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடியும் எழுவார்கள்.

பையில் என்ன வேண்டும்

குறைவாக எடுத்துப் போங்கள். கனமான பை உங்களை மெதுவாக்கும், மெதுவானால் வெளிச்சத்தை விடுவீர்கள். ஒரு கேமரா. ஒரு சாதாரண ஜூம் லென்ஸ், முடிந்தால் 70 முதல் 200 மில்லிமீட்டர் போல ஒரு நீள லென்ஸ். புதிதாக வருகிறவர்கள் மலை என்றதும் வைட் ஆங்கிள் வேண்டும் என்று நினைப்பார்கள். வைட் லென்ஸ் தூரத்து மலைகளை எறும்பாக்கிவிடும், நீள லென்ஸ்தான் அடுக்கடுக்கான முகடுகளையும் ஒற்றைச் சரிவில் விழும் வெயில் திட்டையும் அள்ளிக்கொண்டு வரும். இரண்டில் ஒன்றுதான் சுமக்க முடியும் என்றால் நான் நீள லென்ஸைத்தான் எடுப்பேன்.

இவற்றோடு பிரதிபலிப்பு மினுக்கைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர், லேசான டிரைபாட், லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு (ஒன்று நனைந்துவிடும்), கூடுதல் பேட்டரி. உயரம் ஏற ஏறக் குளிரும், சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் கூடுதல் பேட்டரியைப் பையில் போடாமல் சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூடு படுகிற இடத்தில் வையுங்கள். ஹெட்லாம்ப் கட்டாயம். மாலை வெளிச்சத்தைக் கடைசிவரை எடுத்துவிட்டு இருட்டில் இறங்கப் போகிறீர்கள், போன் டார்ச்சை நம்பி ஈர இலை மூடிய பாதையில் கால் வைக்காதீர்கள்.

கேமராவை முன்கூட்டியே செட் செய்து வைப்பது

நடக்கத் தொடங்கும்போதே இவற்றைச் செய்துவிடுங்கள், அப்புறம் நாள் முழுக்கப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது.

ரா ஃபைலில் எடுங்கள், அதாவது கேமரா தானே மெருகேற்றிச் சுருக்காத மூலப் பதிவில். வானமும் நிழலும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது பிறகு சரிசெய்ய ராவில்தான் இடம் இருக்கும். அபெர்ச்சர் பிரயாரிட்டி மோடில், அதாவது லென்ஸ் துளையின் அளவை நீங்கள் சொல்ல ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் மோடில் வைத்து, எஃப் 8 அல்லது எஃப் 11 (எண் ஏற ஏறத் துளை சிறிதாகும்). எஃப் 22 வரை போனால் எல்லாம் தெளிவாக வரும் என்று நினைக்காதீர்கள், துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்கக் கொஞ்சம் மழுங்கிவிடும். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ 100. ஆனால் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம், ஒன்றின் கீழே லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணைப் போட்டால் வருகிற வேகத்துக்குக் கீழே போகக்கூடாது, அதாவது 200 மில்லிமீட்டருக்கு 1/200 நொடி. போகிறது என்றால் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் 400, 800 என்று ஏற்றுங்கள். கொஞ்சம் மணல்மணலாகத் தெரிகிற படத்தை வைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து வெயில் குறியில் வையுங்கள். ஆட்டோவின் வேலையே மஞ்சளைக் கண்டால் அதைச் சமன் செய்து வெள்ளையாக்குவது. நீங்கள் அந்த மஞ்சளுக்காகத்தான் இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறீர்கள்.

அப்புறம் ஹிஸ்டோகிராம், படத்தில் இருட்டு எவ்வளவு (இடப்பக்கம்), பிரகாசம் எவ்வளவு (வலப்பக்கம்) என்று திரையில் காட்டும் சின்ன வரைபடம். வெளியில் திரையின் பிரகாசம் ஏமாற்றும், இந்த வரைபடம் ஏமாற்றாது. அது வலது சுவரில் முட்டி நின்றால் பிரகாசமான பகுதி வெந்துபோய்விட்டது என்று அர்த்தம், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கம்பென்சேஷன் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கப் பழகுங்கள். நாள் முழுக்க அதிகம் தொடப்போவது அதைத்தான்.

போனில் எடுப்பவர்களுக்கும் இதே பாடம்தான். பிரகாசமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும், அப்படியே விரலைக் கீழே இழுத்தால் வானத்தின் நிறம் திரும்பி வரும். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். பாக்கெட்டில் கிடந்த கண்ணாடியின் எண்ணெய்ப் பிசுக்கு, சூரியனை நோக்கி எடுக்கும்போது முழுப் படத்தையும் வெளுப்பாக்கிவிடும்.

காலை

மூடுபனியை எடுக்கும்போது கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். கம்பென்சேஷனை ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி). பனிக்கு மேலே தலைநீட்டும் ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள், ஒரு தனிமரமோ, ஒரு முகட்டின் விளிம்போ. வெறும் பனியை மட்டும் எடுத்தால் பார்ப்பவருக்குக் கண் வைக்க இடமில்லை. பனி அலைபோல ஏறி இறங்கும், மரம் ஒரு நிமிடம் மறையும், அடுத்த நிமிடம் பாதி தெரியும். இருபது படம் எடுத்தாலும் தப்பில்லை, அதில் ஒன்றில்தான் பனி சரியான கிளையில் நிற்கும்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருந்து, உங்களுக்குக் கீழே பனி இருந்தால், ஒரு நிமிடம் உங்கள் நிழலைத் தேடிப் பாருங்கள். பனியின் மேல் அது பிரம்மாண்டமாக நீண்டு, தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு தெரியலாம். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைத்தொடரில் உள்ள புரோக்கன் சிகரத்தின் பெயரால் இதைப் புரோக்கன் பூதம் என்பார்கள். உங்கள் தலையைச் சுற்றியுள்ள வளையம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் தெரியும்.

மேகநிழல்: நின்று காத்திருக்க வேண்டிய இடம்

எனக்கு மலைநடையில் பிடித்த வேளை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வானம் முழுக்கத் தெளிவாக இருக்கிற நாளைவிட, உடைந்த மேகங்கள் காற்றில் நகர்கிற நாள் பத்து மடங்கு நல்லது. அப்போது எதிரே உள்ள பெரிய சரிவு முழுக்க நிழலில் கிடக்கும், ஒரு துண்டு வெயில் மட்டும் அதன் மேல் ஊர்ந்து போகும். அந்தத் துண்டு எங்கே படுகிறதோ அங்கே இருக்கிற பத்து மரங்கள் மட்டும் பற்றி எரிவதுபோல ஒளிரும், மற்றதெல்லாம் கருநீலம்.

இதை எடுக்கும் முறை: முதலில் எதிர்ச்சரிவில் எந்த இடத்தில் வெயில் பட்டால் நன்றாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், செம்மஞ்சள் மரக்கூட்டமோ ஒரு பாறை மூக்கோ. அதை வைத்து ஃபிரேமை அமையுங்கள், ஃபோகஸை முடித்துப் பூட்டுங்கள். பிறகு கேமராவைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள். மேகங்கள் எந்தப் பக்கமாக நகர்கின்றன, எந்த இடைவெளி சூரியனை நோக்கி வருகிறது என்று இரண்டு நிமிடம் பார்த்தாலே பிடிபட்டுவிடும். தரையைப் பார்த்தால் வெயில் துண்டு எவ்வளவு வேகத்தில் ஊர்கிறது என்பதும் தெரியும். எக்ஸ்போஷர் விஷயத்தில் ஒன்று: இருட்டு அதிகமாக இருப்பதால் கேமரா மொத்தத்தையும் தூக்கிப் பிரகாசமாக்கும், வெயில் பட்ட மரங்கள் வெளுத்துவிடும். முன்கூட்டியே ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும், அந்த மரங்களின் அழகே சுற்றியுள்ள இருட்டில்தான் இருக்கிறது.

ஒரு தடவை இப்படி ஒரு பாறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் துண்டு நான் குறித்த மரக்கூட்டத்துக்கு இடப்பக்கமாக வந்து போனது, மேலாக வந்து போனது, ஒரு தடவை பாதி மரத்தைத் தொட்டுவிட்டு அணைந்தது. விரல் விறைத்துப்போய், சரி கிளம்பலாம் என்று எழுந்தபோது, எதிர்பார்க்காத ஒரு சின்ன மேக இடைவெளி வழியாக நேராக அதே மரங்கள் மேல் வந்து விழுந்தது. ஏழெட்டு நொடி இருக்கும். ஃபிரேமைக் கலைக்காமல் டிரைபாடிலேயே விட்டு வைத்திருந்ததால் பட்டனை அழுத்த மட்டும்தான் வேண்டியிருந்தது. இன்றும் என்னிடம் உள்ள படங்களில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

பெரிய கலைஞர்களுக்கும் இதே அவசரம்தான். 1941 இலையுதிர் காலத்தில் அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடந்து காரில் போகும்போது, நிலா எழுந்திருக்க, மறையப்போகும் சூரியனின் கடைசி வெயில் கல்லறைச் சிலுவைகளில் படுவதைப் பார்த்தார். பெரிய கேமராவை அவசரமாக நிறுத்தினார், ஒளிமானி கைக்குச் சிக்கவில்லை, நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று தெரிந்திருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்குப் போட்டு ஒன்று எடுத்தார். இரண்டாவது எடுக்கத் தயாராவதற்குள் சிலுவைகளில் இருந்த வெயில் போய்விட்டது. உலகம் அறிந்த அந்தப் படம் அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து வந்ததுதான். நிலாவின் பிரகாசம் மனத்தில் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. உங்கள் கேமராவின் பட்டன்களை வீட்டிலேயே பழகிவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இலைகள்

குளிர் தொடங்கிப் பகல் குறையும்போது இலையில் பச்சையம் சிதைந்து மறைகிறது. அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சள், செம்மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படியில்லை, பல மரங்கள் அதை இந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன, குளிர்ந்த இரவும் வெயில் நிறைந்த பகலும் தொடர்ந்தால் சிவப்பு நன்றாக ஏறும்.

காட்டுக்குள் எடுக்க மேகமூட்டமான வேளையே சிறந்தது. நேர் வெயிலில் இலைகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டும் கருந்திட்டுமாக விழுந்து நிறம் கலைந்துவிடும். மழை நின்ற உடனே போனால் இன்னும் நல்லது, ஆனால் அப்போது ஒரு சிக்கல் உண்டு. ஈரமான இலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: மேல்தோலில் வானம் பிரதிபலித்து, சாம்பல் பூசினதுபோல ஒரு வெண்மினுக்கு இருக்கும். இப்போது போலரைசரை லென்ஸில் மாட்டி வளையத்தை மெல்லத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் அந்த மினுக்கு ஓரத்திலிருந்து விலகி, அடியில் கிடந்த ஆழ்ந்த சிவப்பு மேலே வரும், நரம்புகள் மஞ்சளாகத் தெரியும், இன்னும் திருப்பினால் மினுக்கு திரும்ப வந்துவிடும். மினுக்கு மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். ஈரப் பாறைக்கும் ஓடைத் தண்ணீருக்கும் இதேதான். போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைத் தின்னும், அதனால் ஷட்டர் வேகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வானத்துக்குப் பயன்படுத்தும்போது கை வைத்தியம் ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை நேர் குறுக்காக விரியுங்கள். கட்டைவிரல் காட்டும் பக்கம்தான் போலரைசர் அதிகம் வேலை செய்யும். வைட் லென்ஸில் மட்டும் வேண்டாம், வானத்தில் ஒரு பக்கம் கரிய நீலமும் மறுபக்கம் வெளுப்புமாகத் திட்டு விழும்.

வெயிலே வந்துவிட்டால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகப் போய், இலைக்குப் பின்னாலிருந்து வெயில் வரும்படி நில்லுங்கள். முன்பக்க வெயிலில் சாதாரணமாகத் தெரிந்த அதே இலை கண்ணாடி விளக்குபோல ஒளிரும். பின்னணியில் நிழலான சரிவு ஒன்று இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

மாலையும் அதற்கு அப்புறமும்

அஸ்தமன நேரம் என்று அட்டவணையில் போட்டிருப்பது சமவெளி அடிவானத்துக்கு. மலையில் எதிர்முகடு சூரியனை அதற்கு வெகுநேரம் முன்பே மறைத்துவிடும். கையை முழுதாக நீட்டி, நான்கு விரலையும் படுக்கையாகச் சேர்த்து, சூரியனுக்கும் முகட்டுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். ஒரு விரல் தோராயமாகக் கால் மணி நேரம், நான்கு விரல் ஒரு மணி நேரம். துருவத்தை நோக்கிய நாடுகளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு விரல் மீதமிருக்கும்போது நீங்கள் எடுக்கப்போகும் இடத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும், அப்போது இடம் தேடி ஓடக்கூடாது.

வானத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் அதிகமாகி ஒரே படத்தில் அடங்காவிட்டால், டிரைபாடில் வைத்து இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து வையுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமரில் விடுங்கள்.

சூரியன் மறைந்ததும் எல்லாரும் பையைக் கட்டுவார்கள். நீங்கள் கட்டாதீர்கள். திரும்பிக் கிழக்கே பாருங்கள். அடிவானத்தை ஒட்டி ஒரு சாம்பல்நீலப் பட்டை எழும், அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை. அந்த நீலம் பூமியின் சொந்த நிழல், வளிமண்டலத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. நீள லென்ஸில் அதற்குக் கீழே ஒரு முகட்டை வைத்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்தும் வராமல் எல்லா இடத்திலிருந்தும் வருவதுபோல ஆகிவிடும், மலை அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிய நீலத்தில் பிரியும், ஷட்டர் சில நொடிகள் வரை திறந்திருக்கும், அந்த நேரத்தில் டிரைபாடைத் தொடக்கூடாது, பக்கத்தில் நடக்கவும் கூடாது.

ஃபிரேமைப் பார்த்துக்கொண்டே ஓரடிகூடப் பின்னால் வைக்காதீர்கள். நகர வேண்டும் என்றால் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்து, தரையைப் பார்த்து நகர்ந்து, மறுபடி கண்ணை வையுங்கள். திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள், வானம் எவ்வளவு ஆசை காட்டினாலும் அதை மாற்றாதீர்கள்.

இறங்கி வந்து சூடான அறைக்குள் நுழைவதற்கு முன், மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். குளிர்ந்த கண்ணாடி சூடான காற்றைச் சந்தித்தால் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். பையோடு ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும், அந்த ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்துகொள்ளும். அதுவரை கார்டில் உள்ள படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.